முழங்கை உயரம்

பதினோராம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பஸ் ஒட்டன்சத்திரத்தை விட்டுக் கிளம்பி, மார்க்கெட் முக்கில் தக்காளி லாரிக்கு வழிவிட்டு நின்று, மறுபடி கிளம்பி, தாராபுரம் ரோட்டுக் காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகிவிட்டது, சென்னியப்பன் இன்னும் அந்தப் பதினோராம் பக்கத்திலேயே நின்றார். முளைக்குச்சியில் கட்டின மாடு கயிறு எட்டுகிற மட்டும் போய்த் திரும்புவதுபோல, கண் கடைசி வரி வரைக்கும் போகும், நிற்கும், மேலே வந்துவிடும். ‘அப்போது எனக்கு ஒன்பது வயது. என் கண் அப்பாவின் முழங்கை உயரத்தில் இருந்தது. சந்தையில் எல்லோரும் துண்டுக்கு மேலே பார்த்தார்கள். நான் மட்டும் அடியில் பார்த்தேன். வந்தவனின் மூன்று விரல்கள் அப்பாவின் கைக்குள் இருந்தன. அப்பாவின் கை நடுங்கியது. மாட்டு விலை பேசும் கை நடுங்காது.’ எழுதியிருக்கிறாள். பெற்ற மகள் எழுதி, அச்சடித்து, அட்டையில் சிவப்பாய் ஒரு துண்டும் அதற்கடியில் கறுப்பாய் ஒரு கையும் வரையவைத்து, ‘இளையோருக்கான திகில் நாவல்’ என்று மூலையில் போட்டு, கூரியரில் அனுப்பியும் வைத்திருக்கிறாள். கூரியர் வந்து ஆறு நாளாச்சு. ஆறு நாளும் பீரோவில் வேட்டிக்கடியில் கிடந்தது. இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஈரோட்டில் வெளியீட்டு விழா, அவர் மேடையேற வேண்டும், வேறு வழியில்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அட்டையைத் திறந்தார். “படிச்சுட்டு வாங்கப்பா, மேடையில நீங்க ரெண்டு வார்த்தை பேசறீங்க,” என்றாள் போனில். “நான் என்னத்தப் பேசறது சாமி, எட்டாவது பெயிலு.” “பேச்சுல உங்களை யாருப்பா ஜெயிக்கிறது? வந்து பேசுங்க. நீங்க பேசினாத்தான் எனக்கு நிம்மதி.” நிம்மதி. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆறு நாளாய்த் தூக்கமில்லை. பேசினால் நிம்மதி என்றால் எதைப் பேசினால்? இருநூறு பேருக்கு முன்னால் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு, சொல்லுங்கப்பா, அந்த மூணு விரல் என்னதுன்னு கேட்டால்?

பக்கத்து சீட்டில் இருந்த தடித்த மனுஷன் போனில் யாரோ சமையல் செய்வதைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வெங்காயம் வதங்குகிற சத்தம் காதுக்குள்ளேயே வதங்கியது. “ஏனுங்க, பஸ்ஸு பூராத்துக்கும் நீங்கதான் ஆக்கிப் போடறீங்களா? அமத்துங்க அதை,” என்று சீறினார் சென்னியப்பன். குரல் கொஞ்சம் கூடிப்போய்விட்டது, முன் சீட்டில் இரண்டு தலை திரும்பியது. அந்த ஆள் கோபித்துக்கொள்ளவில்லை. அமத்திவிட்டு, வேறு பொழுதுபோக்கு வேண்டுமே, புத்தகத்தை எட்டிப் பார்த்தான். பின்னட்டையில் மகள் கோகிலவாணி கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தாள். “அட, உங்க சாயலாட்ட இருக்குதுங்களே. பொண்ணுங்களா?” “இல்லீங்க,” என்றார். நாக்கு அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. இல்லீங்க. அன்றைக்கும் இப்படித்தான், வாய்க்கு முந்தி கை. கைக்கு முந்தி கோபம். கோபம் வந்தால் சென்னியப்பனுக்குக் கண் தெரியாது என்று சந்தையே சொல்லும், அவரும் அதைப் பெருமையாகத்தான் வைத்துக்கொண்டிருந்தார், அடுத்தவன் மாட்டைக் கூலிக்கு நடத்திக் கொண்டுவந்த பையன் முப்பத்தைந்து வருஷத்தில் துண்டு போட்டால் நாலு ஜில்லா வியாபாரி திரும்பிப் பார்க்கிற தரகனானது கோபத்தில்தானே, ஏமாந்தவன் கோபம், உதை வாங்கினவன் கோபம். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கும் அவர் யாருடைய மாட்டுக்குப் பின்னாலேயோ சாணியை மிதித்துக்கொண்டு நடந்திருப்பார். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் குழந்தைவேலும் ரெண்டு காலில் நேராக நடந்திருப்பான்.

வந்துவிட்டது பேர். இத்தனை நேரம் சுற்றிச் சுற்றிப் போனது இந்தப் பேருக்குத்தான். குழந்தைவேல். கூட்டாளி. ஒரே டம்ளரில் டீ குடித்தவன். துண்டு என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு வேடிக்கை. ரெண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள், உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ரெண்டைச் சேர்த்துப் பிடித்தால் ரெண்டு, உள்ளங்கை முழுக்க என்றால் ஐந்து, வாய் மட்டும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், சுற்றி நிற்கிற ஒருத்தனுக்கும் விலை தெரியாது. பிடிக்கவில்லை என்றால் கையை உருவிக்கொள்ளலாம், உருவினால் பேரம் முறிந்தது, அப்புறம் சாமியே வந்தாலும் ஒட்டாது. உருவாதவரைக்கும் பேரம் உயிரோடு இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஒரு மயிலைக் காளைக்கு இப்படித்தான் கைபிடித்து முக்கால்வாசி முடித்து வைத்திருந்தார். அங்கே வந்த குழந்தைவேல், வாங்குகிறவன் காது கேட்க, “ஏஞ் சென்னீ, அதுக்குப் பாடைச்சுழியல்ல இருக்குது, சம்சாரி வீட்டுக்குத் தள்ளி உடறயா?” என்றான். பாடைச்சுழி என்றால் வீட்டில் பிணம் விழும் என்று பயப்படுகிற மயிர்ச்சுழி. வாங்க வந்தவன் சூடுபட்டவன் மாதிரிக் கையை உருவிக்கொண்டான். சுழி இருந்தது வாஸ்தவம். குழந்தைவேல் சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் இன்னும் எரிந்தது. எரிந்துகொண்டு நிற்கும்போதே, குழந்தைவேல் காதலித்த செல்வராணியின் பெரியண்ணன் வந்தான். குழந்தைவேலும் செல்வராணியும் வேறு வேறு சாதி, அன்றைக்குப் பகல் பஸ்ஸில் ரெண்டு பேரும் ஓடிப்போவதாக ஏற்பாடு, அது வெளியில் தெரிந்த ஒரே ஆள் சென்னியப்பன். பெரியண்ணனும் மாட்டு யாவாரிதான், எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டிருந்தான். மாடு கேட்க வந்தவன்போலவே கையைப் பிடித்தான், துண்டைப் போட்டான், “மழை உண்டுங்களா இந்த வருசம்?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டுக் காதோரம், “குழந்தைவேல் எத்தனாவது வரிசைல இருக்கறான்?” என்றான். சென்னியப்பன் வாயைத் திறக்கவில்லை. மூன்று விரலைப் பிடித்தார். மாடு கட்டின மூன்றாவது வரிசை, வைக்கோல் வண்டிக்குப் பின்னால் நின்றான் குழந்தைவேல். அவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம். துண்டைக் கண்டுபிடித்தவன் நாலு பக்கமும் யோசித்து மறைத்தான், அடியில் நிற்கிற பிள்ளையை யோசிக்கவில்லை, ஏனென்றால் மாட்டுச் சந்தைக்குப் பெண்பிள்ளையை எவன் கூட்டி வருவான்? சென்னியப்பன்தான் கூட்டி வந்தார். பள்ளிக்கூடம் லீவு, வீட்டில் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல், தேங்காய் பன் வாங்கித் தருகிறேன் என்று கூட்டிவந்து முழங்கைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

தாராபுரத்தில் பஸ் அமராவதிப் பாலத்தில் ஏறியபோது தலையைத் தூக்கினார். ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கி ஓடியது. உள்ளங்கை ஈரமாகி அட்டையின் சிவப்புத் துண்டு பிசுபிசுத்தது. சரி, எவ்வளவு தூரம் தெரியும் இவளுக்கு? அதைத்தானே தெரிந்துகொள்ள வேண்டும். எதிராளி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான் என்று தெரியாமல் வாயைத் திறக்கக்கூடாது, இது சந்தை படித்துக்கொடுத்த பாடம், இதற்குப் பரீட்சையில் பெயிலே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். கதைக்காரப் பெண்ணுக்குப் பெயர் ரித்திகா. அன்று சாயங்காலமே அப்பாவின் கூட்டாளி காணாமல் போகிறான். ஏழு வருஷம் கழித்து, பதினாறு வயதில், அவள் தேட ஆரம்பிக்கிறாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டே தேடுகிறாள். அப்பா சாப்பிடும்போது கையைப் பார்க்கிறாள். அப்பா தூங்கும்போது விரலைப் பார்க்கிறாள். ‘என் வீட்டில் ஒரு கை இருக்கிறது, அது எனக்குச் சோறு ஊட்டிய கை, அது ஒருவரைக் காணாமல் ஆக்கியது’ என்று இருபத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. சென்னியப்பன் தன் கையைத் தொடையடியில் செருகிக்கொண்டார். இந்தப் பொண்ணு சாப்பிடுகிறபோதெல்லாம் நம் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததா? பிளஸ் டூ படிக்கையில், காலேஜ் போகையில், எத்தனை ராத்திரி சோற்றை எதிரெதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம், அப்போதெல்லாம்? அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோது, “நான் பாத்துக்கிறேன்ப்பா, நீங்க யார்கிட்டயும் கை போட வேண்டாம்,” என்றாளே, அது இதுதானா? அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டு விட்டோம். குத்திக்காட்டினது தெரியாமல் சிரித்தோமா? நெஞ்சில் சுருக்கென்றது. வாயுத்தொல்லையோ, பயமோ, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா, உடம்புக்கு முடியவில்லை சாமி என்று போன் போட்டால் போதும், அவள் நம்புவாள், நம்புகிற பிள்ளைதான், நம்புகிற பிள்ளையா இதை எழுதியது?

காங்கயம் நிலையத்துக்குள் பஸ் நுழைந்ததும் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பழக்கம். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் பஸ் நிற்கிற பத்து நிமிஷமும் அவர் குனிந்து செருப்பு வாரைச் சரி பண்ணுவார், அல்லது தூங்குவார். நிலையத்துக்கு எதிரே கயிற்றுக் கடை. மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, சலங்கை, சாட்டை, வாசலில் தோரணம் மாதிரி தொங்கும். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவன் குழந்தைவேல். அன்றைக்கு நாலு பேர் அடித்த அடியில் இடது கால் முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது. ஆனால் செல்வராணி விடவில்லை, ஆஸ்பத்திரிக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் இங்கே வந்து கடை வைத்து, ஒரு பையன், ஒரு பெண். எல்லாம் கேள்விப்பட்டதுதான். நம் ஊர்ப் பக்கமே அவன் திரும்பி வரவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்று அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதும் தெரியாது, கேட்டுவர ஆள் அனுப்ப முடியுமா? புத்தகத்தின் மேல்விளிம்புக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கினார். நரைத்த தலை, யாருக்கோ கயிற்றை முழம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. சிரித்தது. முழம் போடுகிற கை பழைய கைதான். டிரைவர் ஹாரன் அடித்ததும் கண்ணைக் கீழே இறக்கினார். எழுபத்திரண்டாம் பக்கம்.

எழுபத்திரண்டாம் பக்கத்தில் டிரோன் வந்தது. முதலில் அவருக்குப் புரியவில்லை, ரெண்டு தரம் படித்தார். ரித்திகா தலைக்கு மேல் டிரோன் பறக்கிறது. அதை அனுப்பியது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. அந்தக் கம்பெனி காங்கயம் காளையின் விந்தைத் திருடிக் குளிர்ப்பெட்டியில் கடத்துகிறது. கூட்டாளி காணாமல் போனது அதைக் கண்டுபிடித்ததால். அவன் கூட்டாளியே இல்லை, மாறுவேஷத்தில் வந்த போலீஸ் அதிகாரி. சென்னியப்பனுக்கு வாய் திறந்துகொண்டது. வேகமாகத் திருப்பினார். மாட்டுக் கொம்புக்குள் சிப் வைத்திருக்கிறார்கள். மாட்டு டாக்டர்தான் வில்லன், ஒரு கண் கண்ணாடிக் கண். ரித்திகா லைசென்ஸ் இல்லாமல் புல்லட் ஓட்டித் தாராபுரம் ரோட்டில் ரயில்வே கேட்டைத் தாண்டுகிறாள். தாராபுரம் ரோட்டில் ஏது ரயில்வே கேட்டு? நூற்றிநாற்பதாம் பக்கத்தில் மூன்று விரலின் ரகசியம் அவிழ்ந்தது. அது குளிர்ப்பெட்டியின் பூட்டுக்கு உள்ள மூன்றாவது எண். அப்பா அதைப் போலீஸுக்கு ரகசியமாகத் தெரிவித்தார். கை நடுங்கியது பயத்தால் அல்ல, தேசபக்தியால். கடைசியில் கலெக்டர் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துகிறார், ‘அப்பா, நீங்கள் ஒரு வீரர்’ என்று ரித்திகா கட்டிக்கொள்கிறாள். முற்றும்.

முற்றும் என்கிற எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து, அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தெரியாது! பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது! ஜன்னல் காற்று திடீரென்று குளுகுளுவென்று இருந்தது, சட்டைக்குள் புகுந்து முதுகெல்லாம் ஓடியது, ஆறு நாளாய் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ தூக்கி ரோட்டோரம் வீசின மாதிரி. பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்து ஆளைத் தோளில் தட்டினார். “ஏனுங்க, எம் பொண்ணுதாங்க. இதை எழுதினது எம் பொண்ணு.” “அப்பத்தைக்கு இல்லீங்கன்னீங்க?” “அப்ப முழுசாப் படிக்கல.” அந்த ஆள் ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, “கதை எப்படீங்க?” என்றான். எப்படி? அறச்சலூர் தாண்டி மலை கூடவே வந்தது. எப்படி என்றால், பொய் சொல்ல வரவில்லை அவருக்கு, சரக்கு விஷயத்தில் அவர் வாய் பொய் சொல்லும், மனசு சொல்லாது. முன்னங்கால் ரெண்டும் என்ன ஜோரு! திமில் என்ன, பார்வை என்ன, வந்து நின்ற நிலையிலேயே நாலு பேர் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற மாடு. பின்னால் போய்ப் பார்த்தால் ஆட்டுக்குட்டிக் கால். இதை எப்படித் தள்ளிவிட்டாள்? அந்தக் கையைப் பார்த்தவள், மாட்டு விலை பேசும் கை நடுங்காது என்று ஒரே வரியில் எழுதத் தெரிந்தவள், அங்கிருந்து நேராகப் போயிருந்தால் எங்கே போய்ச் சேர்ந்திருப்பாள்! எதற்கு டிரோனு, எதற்குக் கண்ணாடிக் கண்ணு? கோபம் வந்தது. நல்ல மாட்டைப் பழக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டார்களே என்று வருகிற கோபம். வந்த வேகத்தில் அது தன் பக்கமே திரும்பியது. எங்கே போய்ச் சேர்ந்திருப்பாள்? உன்னிடம்தானே வந்து சேர்ந்திருப்பாள் சென்னீ. கதை கெட்டுப்போனதில் உனக்குச் சந்தோஷம். உன் பிள்ளை தோற்றதில் நீ தப்பித்தாய். சாயங்காலம் மேடையில் ஏறி, அருமையான கதைங்க, அப்பன் வீரனுங்க என்று ரெண்டு வார்த்தை பேசுவாய், கைதட்டுவார்கள், பொன்னாடைகூடப் போர்த்துவார்கள். சுழியை மறைத்து விற்ற மாடு மாதிரி நிற்பாய்.

ஈரோடு பஸ் நிலையத்தில் கோகிலவாணி ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்தாள். பட்டுச்சேலை, காலில் பழைய செருப்பு. “மூணு மணிக்கே வந்துட்டேன்ப்பா. சாப்டீங்களா? படிச்சீங்களா?” என்று ரெண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டாள். “படிச்சேன் சாமி.” “எப்படி?” கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் விரிந்து நின்றது. மாட்டுக்காரன் விலை சொல்வதற்கு முன்னால் தரகன் முகத்தைப் பார்க்கிற பார்வை. “மொத எழுவது பக்கம், மூச்சு விட முடியல. அப்பறம்...” “அப்பறம் சொதப்பிட்டேன், இல்ல?” “டிரோனு கிரோனெல்லாம் எதுக்குக் கண்ணு?” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், பிறகு தலையைச் சாய்த்துச் சிரித்தாள். “உங்களை ஏமாத்த முடியாதுப்பா. மொதல்ல வேற மாதிரிதான் எழுதினேன். அந்த அப்பாவே கூட்டாளியக் காட்டிக்கொடுத்துர்ற மாதிரி. பதிப்பகத்துல எல்லாரும் அதுதான் நல்லாருக்குன்னாங்க. எனக்குத்தான் கை ஓடல. எழுத எழுத, அந்த அப்பா மூஞ்சிக்கு உங்க மூஞ்சிதான் வருது. அப்படி ஒரு அப்பாவை எனக்குத் தெரியாதே, தெரியாத ஆளை எப்படி எழுதறது? அன்னைக்குச் சந்தைல உங்க கை நடுங்கினது மட்டும் ஞாபகம் இருந்துச்சு. எதுக்குன்னு தெரியல. காய்ச்சலா இருந்திருக்கும்னு நெனச்சேன்.”

தப்பித்தாயிற்று. முழுசாகத் தப்பித்தாயிற்று. நடுக்கத்தைப் பார்த்தாள், காய்ச்சல் என்றாள். பேரம் இதைவிட நல்லபடியாக முடிய முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். சேலம் பஸ் ஒன்று பின்னால் வந்து உறுமியது, கண்டக்டர் விசில் அடித்தான், பூக்காரி ஒருத்தி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனாள். சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகம் துடைக்கப்போகிறார் என்று அவள் நினைத்திருப்பாள். அவர் மகளின் வலது கையைப் பிடித்தார், துண்டை மேலே போட்டு மூடினார். “என்னப்பா இது, பஸ் ஸ்டாண்டுல வச்சு?” என்று சிரித்தாள். அவர் உள்ளே அவளுடைய மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தார். பேனா பிடித்துத் தடித்த நடுவிரல் உள்ளங்கையில் உறுத்தியது. “பூட்டு நம்பரில்ல சாமி. வரிசை. மூணாவது வரிசை, வைக்கோல் வண்டிக்குப் பின்னால. செல்வராணி அண்ணன் கேட்டான், நான் காட்டுனேன். குழந்தைவேல் கால் போனது என்னாலதான். ஒரு சுழிக்காக. அந்த அப்பனை உனக்குத் தெரியாது கண்ணு, எனக்குத் தெரியும்.”

சிரிப்பு அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சேலம் பஸ் போய்விட்டது. துண்டுக்குள் கை இப்போதும் நடுங்கியது, ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாத நடுக்கம், மூச்சு மட்டும் அவருக்கு லேசாகிவிட்டது, பத்தொன்பது வருஷத்தில் இப்படி லேசாக விட்டதில்லை. அவள் குனிந்து துண்டையே பார்த்தாள். இப்போது மேலேயிருந்து பார்த்தாள், ஒன்றும் தெரியாது மேலேயிருந்து. உருவிக்கொள்வாள் என்று அவர் காத்திருந்தார். விரலை அவர் இறுக்கவில்லை, உருவுவதற்கு வாகாகத் தளர்த்தியே வைத்திருந்தார்.

“அவரு இப்ப எங்கிருக்காருப்பா?” என்றாள்.

“காங்கயம். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, கயித்துக் கடை.”

“இன்னைக்கு மேடையில நீங்க பேச வேண்டாம்.”

“செரி சாமி.”

“நாளைக்குக் காத்தால மொத பஸ்ஸு. அங்க பேசுங்க. நானும் வர்றேன்.”

“செரி,” என்றார். அவள் கை துண்டுக்குள்ளேயே இருந்தது.